அஞ்சு பைசா ஒட்டிய பழைய உறைகளைக் கிழித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

1971-ல் பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16-ஐ ஒட்டி நீங்கள் வெளியிட்ட வங்கதேசப் போர் நினைவுப் பக்கத்தைப் படித்தேன். அடுத்த வாரம் அதற்கு வந்திருந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். இன்றைய வங்கதேசமான அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடி வந்த அகதிகளுக்காக நம் தபால் துறை போட்ட 5 பைசா ஸ்டாம்ப் 1971 டிசம்பர் 1-ஆம் தேதி வெளிவந்தது என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்ன தேதி சரிதான். ஆனால் அந்த 5 பைசாவை ஜனங்கள் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பதினாறு நாள் முன்பு, நவம்பர் 15, திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஊர்த் தபால் ஆபீசில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பத்திரம் எழுதுவது மலையாளத்தில். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு கிளைத் தபால் ஆபீஸ். மளிகைக் கடை ஒன்றின் பக்கவாட்டு அறையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு பை, அவ்வளவுதான். கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். அதில் கிடைத்தது சொற்பச் சம்பளம். ஆனாலும் அந்த வேலையைச் சாமி காரியம் மாதிரி செய்தார். தபால் மேசைக்கு வருவதற்கு முன் எண்ணெய்க் கையை மண் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்.

என் சித்தப்பா பட்டாளத்தில் லாரி டிரைவர். அந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது விலாசத்தை மாற்றி எழுதச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வந்தது. 56 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் பட்டாளத் தபால் ஆபீஸ்) என்று இருந்தது 99 ஏ.பி.ஓ. என்று ஆகியிருந்தது. பட்டாளத் தபாலில் ஊர்ப்பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். போஸ்ட்மாஸ்டர்தான் அதைப் பார்த்துவிட்டு, "உங்க சித்தப்பன் கெழக்க போயிட்டாப்ல" என்று சொன்னார். அன்றிரவு ஆத்தா, என் பாட்டி, சாப்பிடவில்லை.

நவம்பர் 15 காலையில் ஆத்தா சொல்லச் சொல்ல அப்பா எழுதிய கடிதத்தை உறையில் போட்டு, 20 பைசாவோடு என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். உறைக்கு 20 பைசா, இன்லேண்டுக்கு 15, கார்டுக்கு 10 என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போஸ்ட்மாஸ்டர் காசை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணு, இன்னைக்கிருந்து அஞ்சு பைசா சேத்தி ஒட்டோணும். அகதிகளுக்காமா. கார்டுக்கு வேண்டாம், கவருக்கும் இன்லேண்டுக்கும் வேணும்."

திரும்ப வீட்டுக்கு ஓடினேன். ஆத்தா யாருக்கு என்று கேட்டார். ஊரை விட்டு ஓடி வந்தவங்களுக்கு என்றேன். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து 5 பைசாவை எடுத்துக் கையில் வைத்தார். அந்தக் காசுக்கு அன்றைக்குக் கடலை மிட்டாய் வாங்கலாம் என்ற நினைப்பு எனக்கு வழி நெடுக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த உறை இப்போது என் மேசையில் இருக்கிறது. சித்தப்பா தன் கறுப்பு இரும்புப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து ஊருக்குக் கொண்டுவந்த நாற்பத்து மூன்று கடிதங்களில் அது ஒன்று. அவர் காலமான பிறகு சித்தி அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தார்.

உறையின் வலது மூலையில் இரண்டு ஸ்டாம்ப். ஒன்று ஊதா நிறத்தில் 20 பைசா, நம் விமானப்படையின் நாட் போர் விமானப் படம் போட்டது. இன்னொன்று 5 பைசா குடும்பக் கட்டுப்பாடு ஸ்டாம்ப், அந்தக் காலத்தில் எல்லோரும் பார்த்த சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் நீல மையில் இரண்டு ஆங்கில எழுத்து, ஆர், ஆர். எழுதியவர் எங்கள் போஸ்ட்மாஸ்டர். அகதி நிவாரணம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அரசாங்கம் இந்த 5 பைசா ஸ்டாம்பின் மேல் அகதி நிவாரணம் என்று அச்சடித்து நாடு முழுக்க அனுப்ப நினைத்தது. அச்சானது எல்லா ஊருக்கும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வரி மட்டும் தேதிப்படி தொடங்கிவிட்டது. ஆகவே அந்தந்த ஊர் போஸ்ட்மாஸ்டர்களே தங்கள் கையிருப்பில் உள்ள ஸ்டாம்பில் அடையாளம் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலான ஊர்களில் ரப்பர் முத்திரை செய்து அடித்தார்கள். ரப்பர் முத்திரை இல்லாத இடத்தில் பேனாவால் எழுதினார்கள். எங்கள் ஊரில் பேனா.

பூதக்கண்ணாடி வைத்துக் காலை வெயிலில் பார்த்தால் ஒன்று தெரியும். நீல மை முதலில் காகிதத்தில் ஊறியிருக்கிறது. சித்தூர் தபால் முத்திரையின் கறுப்பு வட்டம் அதற்கு மேலே ஓடுகிறது. முத்திரை எழுத்தின் மேல் ஏறியிருக்கிறது, எழுத்து முத்திரையின் மேல் ஏறவில்லை. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உறையின் பின்பக்கம் போர்க்களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரை, நவம்பர் 24. ஒன்பது நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் நவம்பர் 22 அன்று பொய்ரா என்ற இடத்துக்கு மேலே நம் நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தின. அதே விமானத்தின் படத்தை ஒட்டிக்கொண்டு எங்கள் ஆத்தாவின் கடிதம் அந்த நாளில் ரயிலிலோ லாரியிலோ எங்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சித்தப்பாவின் கடிதக் கட்டில் அதற்கடுத்த ஆறு கடிதங்களில் ரப்பர் முத்திரை இருக்கிறது. ஊதா மை, ஒன்றில் தலைகீழாக விழுந்திருக்கிறது. பிறகு அச்சகத்தில் ஒழுங்காக அடித்து வந்தவை. பிறகுதான் நீங்கள் படம் போட்டிருந்த, அகதிகள் நடந்து வரும் டிசம்பர் 1 ஸ்டாம்ப். ஆக ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆளுக்குப் போன கடிதங்களில், பேனா, ரப்பர், அச்சு, தனி ஸ்டாம்ப் என்று ஒரு நெருக்கடி படிப்படியாக ஒழுங்குக்கு வந்தது அப்படியே தெரிகிறது. தனி ஸ்டாம்பாகப் பார்த்தால் இவை அபூர்வம் இல்லை. இந்தியா முழுக்க ஒட்டியவை. வரி தபாலோடு நிற்கவும் இல்லை. ரயில் டிக்கெட், ரெவின்யூ ஸ்டாம்ப் என்று பலவற்றிலும் அகதி நிவாரணம் சேர்ந்தது. ஆனால் எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த முத்திரை அடித்தார்கள் என்பது உறையில் மட்டும்தான் இருக்கிறது. உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிரித்த அந்த நிமிஷமே அது போய்விடும்.

இது எனக்கு வலிக்க வலிக்கத் தெரியும். 1974-ல் பள்ளியில் ஸ்டாம்ப் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்தது. உறையின் மூலையைக் கத்தரித்து, வெந்நீரில் ஊறப்போட்டு, பசை போனதும் எடுத்து, செய்தித்தாளில் உலர்த்தி ஆல்பத்தில் ஒட்டுவது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா பிறந்த வீட்டிலிருந்து, கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்தன. நாற்பதுக்குக் குறையாது. எல்லாவற்றையும் கத்தரித்தேன். மிச்சக் காகிதம் அடுப்புக்குப் போனது. ரப்பர் முத்திரையின் ஊதா மை வெந்நீரில் கரைந்து குண்டான் தண்ணீரே ஊதாவாக மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தேன். தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முத்திரை வகை அந்தக் குண்டானில் கரைந்துபோனது. அதற்கு இன்னொரு சாட்சி எங்காவது இருக்குமா என்று நாற்பது வருஷமாகத் தேடுகிறேன்.

எல்லையில் இருந்த கடிதங்களுக்கு வேறொரு விசேஷமும் உண்டு. தமிழில் விலாசம் எழுதி அந்தப் பக்கத்திலிருந்து வரும் உறைகளில், தபால் பிரிக்கும் இடத்தில் யாரோ சிவப்பு மையால் ஊர்ப்பெயரை மட்டும் மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். என்னிடம் அப்படி ஒன்பது இருக்கின்றன. ஒரு உறையில் தமிழ் விலாசம், மலையாளச் சிவப்பு எழுத்து, ஆங்கில முத்திரை, அதன் நடுவே வங்காளத்து ஜனங்களுக்காக ஒட்டிய 5 பைசா. இதைத் தூக்கிப்போட எப்படி மனசு வரும்?

வங்கதேசத்துப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த 5 பைசா எதற்கு என்று புரியும். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் இறங்கியது. ஏப்ரல் 10-ல் வங்கதேசத்துக்கென்று தற்காலிக அரசு அமைந்தது, ஏப்ரல் 17-ல் மெஹர்பூர் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் பதவியேற்றது. மறுநாளே கல்கத்தாவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதர் ஹொசைன் அலி தன் ஊழியர்களோடு புது அரசின் பக்கம் சேர்ந்துவிட்டார். நாடு இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் ஜூலை 29-ல் அந்த அரசு எட்டு ஸ்டாம்ப் வெளியிட்டது. வரைந்தவர் லண்டனில் இருந்த வங்காளி ஓவியர் பிமன் மல்லிக். அதற்கு முன்னின்றவர் பிரிட்டனில் முன்பு தபால் துறை மந்திரியாக இருந்த ஜான் ஸ்டோன்ஹவுஸ். அச்சடித்ததும் லண்டனில்.

எட்டு ஸ்டாம்பும் சேர்ந்து 21 ரூபாய் 80 பைசா. அந்த முழு செட்டை நான் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். பங்களா, தேஷ் என்று நாட்டின் பெயர் அதில் இரண்டு சொல்லாகப் பிரிந்திருக்கும். 10 பைசாவில் நாட்டின் படம். 20 பைசாவில் டாக்கா பல்கலைக்கழகப் படுகொலை. 50 பைசாவில் ஏழரைக் கோடி மக்கள். 2 ரூபாயில் என்ன தெரியுமா, தேர்தல் முடிவு! 169 இடத்தில் 167 என்று. ஒரு ஸ்டாம்பில் தேர்தல் கணக்கை அச்சடித்து உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'நாங்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தோம், அதைத் தர மறுத்தார்கள்' என்ற வழக்கை ஒரு விரல் அகலக் காகிதத்தில் சொல்லியிருக்கிறார்கள். 5 ரூபாயில் அந்தத் தேர்தலில் ஜெயித்த கட்சியின் தலைவர், சிறையில் இருந்த ஷேக் முஜிப். இந்த ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள் சந்தையில் நிறைய வருகின்றன. முக்கால்வாசி சேகரிப்பாளருக்காகவே முதல்நாள் முத்திரையோடு தயாரானவை. ஒரு மனுஷர் இன்னொரு மனுஷருக்கு எழுதி, அது போய்ச் சேர்ந்த உறை என்றால் அது வேறு ஜாதி. அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

பிரிந்த நாடு என்றால் எல்லாமே வங்கதேசம் மாதிரி முடிந்துவிடவில்லை. நைஜீரியாவிலிருந்து 1967 மே 30 அன்று பியாஃப்ரா பிரிந்தது. 1968-ல் சொந்த ஸ்டாம்ப் போட்டது. 1970 ஜனவரியில் அந்த நாடே இல்லை. பியாஃப்ரா ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் உறை என்னிடம் இருக்கிறது. அதையும் வங்கதேச உறைகளையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டியவர்களுக்கு எந்த நாடு நிற்கும் என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே நம்பிக்கையில்தான் ஒட்டினார்கள்.

டிசம்பர் 16-க்குப் பிறகு டாக்காவிலும் மற்ற ஊர்களிலும் தபால் ஆபீசைத் திறந்தால் அலமாரியில் இருந்தது முழுக்கப் பாகிஸ்தான் ஸ்டாம்ப். புது நாட்டு ஸ்டாம்ப் நாடெங்கும் கிடைக்க நாள் ஆகும். கடிதம் காத்திருக்குமா? ஆகவே பாகிஸ்தான் ஸ்டாம்பின் மேலேயே ரப்பர் முத்திரையால் வங்கதேசம் என்று வங்காளியிலும் ஆங்கிலத்திலும் அடித்து விற்றார்கள். ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு முத்திரை, ஒரு நிற மை. ஊதா, கறுப்பு, சிவப்பு. நூற்றுக்கணக்கான வகை. 1973 வரை அவை ஓடின. எங்கள் சித்தூர் தாலுகாவில் ரப்பர் முத்திரை அடித்த சில வாரங்களிலேயே அங்கேயும் ரப்பர் முத்திரை. இங்கே அகதிக்காக அடித்தார்கள், அங்கே அந்த அகதி திரும்பிப் போகிற நாட்டின் பெயரை அடித்தார்கள். ஒரு கோடிப் பேர் வந்து போன சம்பவம் இது. அதன் தடம் எங்கள் மளிகைக் கடைத் தபால் ஆபீசு வரைக்கும் வந்திருக்கிறது என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி இந்த உறைகள்தான்.

ரப்பர் முத்திரை என்பதால் போலியும் சுலபம். சில வருஷம் முன்பு ஒரு நகரத்துக் கண்காட்சியில் 1,800 ரூபாய் கொடுத்து ஓர் உறை வாங்கினேன். பாகிஸ்தான் ஸ்டாம்ப், அதன் மேல் வங்கதேசம் என்ற மேலச்சு, 1972 ஜனவரி முத்திரை. விற்றவர் நிறையப் பேசினார். வீட்டுக்கு வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்புத் தபால் முத்திரை கீழே இருக்கிறது, ஊதா மேலச்சு அதன் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. அதாவது எப்போதோ பாகிஸ்தான் காலத்தில் போன சாதாரண உறையில், தேதி தெளிவில்லாத முத்திரையைக் கொஞ்சம் திருத்திவிட்டு, பிற்பாடு மேலச்சு அடித்திருக்கிறார்கள். நிஜத்தில் மேலச்சு முதலில், தபால் முத்திரை பிறகு. என் போஸ்ட்மாஸ்டரின் நீல எழுத்தை வைத்துத்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கடை அங்கே இல்லை.

இன்னொரு தடவை 1971 டிசம்பர் முத்திரையோடு அகதி நிவாரண உறை ஒன்றைக் காட்டினார்கள். விலாசத்தின் முடிவில் 678 என்று தொடங்கும் ஆறு இலக்க எண். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதிதாகச் சேர்க்கும் இளைஞர்கள் இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், முக்கால்வாசி ஏமாற்றிலிருந்து தப்பிக்கலாம்.

என் பெட்டியில் இருப்பவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஒரு போர்க்கைதிக் கடிதம். டிசம்பர் 16-ல் சரணடைந்து நம் நாட்டு முகாம்களுக்கு வந்தவர்கள் 93,000 பேர். கடைசி ஆட்கள் திரும்பிப் போனது 1974 ஏப்ரலில். அதுவரை அவர்கள் வீட்டுக்கு எழுதினார்கள், வீட்டிலிருந்து அவர்களுக்கு வந்தது, செஞ்சிலுவைச் சங்கம் வழியாக, தணிக்கை முத்திரையோடு. அப்படி ஒன்றை ஒரு பழைய காகிதக் கட்டோடு சேர்த்து வாங்கினேன். உருது எனக்குத் தெரியாது. பாலக்காட்டில் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி. சின்னவளைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா. எருமையை விற்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் கடிதம். பெரியவர் மடித்துக் கொடுத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பாவின் கடிதக் கட்டில் ஆத்தா சொல்ல அப்பா எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. செவலைப் பசு சினையாக இருக்கிறது, நீ வந்துதான் கன்றுக்குப் பேர் வைக்கணும் என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று எல்லை நெடுக, பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மரக்கட்டையில் நட்ட வளைந்த கம்பி ஒன்று இருக்கும், அதில் ஐம்பது வருஷக் கடிதங்கள் குத்தியிருக்கும். வீட்டோடு சேர்ந்து அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. சென்ற ஆனி மாதம் ஒரு பருத்திக் கமிஷன் மண்டிக்காரர் வீட்டுக் காகிதம் கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஒரு மணி நேரம் தாமதம். கடைப் பையன் நல்ல மனசோடு ஸ்டாம்ப் எல்லாவற்றையும் மூலையோடு கிழித்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான், வாத்தியார் ஸ்டாம்ப் சேர்க்கிறார் என்று. மூலை இல்லாத உறைகள் சாக்கில் இருந்தன. எந்த மூலை எந்த உறைக்கு என்று இரண்டு நாள் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன். பதினொன்றுதான் பொருந்தியது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே வயசில் அதையேதான் செய்தேன்.

ஆகவே உங்கள் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. வீட்டுக் கம்பியில், பரணில், தகரப் பெட்டியில் 1971 நவம்பர் 15-லிருந்து 1973 மார்ச் 31 வரைக்கும் தேதி உள்ள உறையோ இன்லேண்டோ இருந்தால், ஸ்டாம்பைப் பிரிக்காதீர்கள். மூலையைக் கத்தரிக்காதீர்கள். பின்பக்க முத்திரையும் முன்பக்கம் மாதிரியே முக்கியம். நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வியாபாரி விலையைக் குறைப்பார், ஆனால் அந்த ஓட்டை அதை யாரோ படித்துவிட்டுப் பத்திரமாக வைத்தார்கள் என்பதற்கு அடையாளம். கிழிசல் இருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. சாதாரண பிளாஸ்டிக் கவரிலும் போடாதீர்கள், எங்கள் பக்கத்து மழைக்கு உள்ளே வேர்த்துவிடும். வெண்ணெய்த் தாளில் வைத்து, அட்டைப் பெட்டியில் நிற்க வைத்து, ராமபாணப் பூச்சி வராமல் மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். பெட்டியில் யார் எழுதியது, யாருக்கு, எந்த ஊர் என்று பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். இன்னும் ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

ஈழத்துப் போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த கடிதங்கள் நம் முகாம்களில் இருக்கும் குடும்பங்களிடமும், அங்கே உறவு உள்ள வீடுகளிலும் இருக்கும். அவற்றையும் இதே மாதிரி உறையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வங்காளத்து ஜனங்களின் உறைகளை நான் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறேன். நம் ஜனங்களுடையதை நாம் அடுப்பில் போட்டுவிடக் கூடாது.

உங்கள் நாளிதழால் ஒன்று செய்ய முடியும். ஞாயிறு மலரில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் வீட்டுப் பழைய உறை ஒன்றின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடலாம். பேனாவால் ஆர், ஆர் என்று எழுதிய இன்னொரு ஊர் வெளியே வரலாம். கிணத்துக்கடவுப் பக்கத்து ஊதா முத்திரையும் யார் வீட்டிலாவது இருக்கலாம். முதல் வாரத்துக்கு என் உறையின் படத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன், முன்னும் பின்னும்.

இன்னொரு படமும் வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் கடிதக் கட்டில் கடைசியாக இருந்த இன்லேண்ட். தேதி 1973 ஏப்ரல் 4. வரி மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் 5 பைசா ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். வீட்டில் மிச்சம் இருந்ததை ஆத்தா ஒட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

யார் வீட்டில் இப்படிப்பட்ட கட்டு இருந்தாலும் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போட்டால் போதும், நீங்கள் எனக்குத் தெரிவியுங்கள். பஸ் ஏறி வந்து, அங்கேயே உட்கார்ந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, உறையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.